உடலுக்கு ஏடு தொடக்குவது யார்?

இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம் வந்தால் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மைதானங்களுக்கு உயிர் வந்துவிடும். புல் செருக்கிச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். இரண்டு மூன்று கிழமைக்குப் பிள்ளைகள் வெயிலில் கறுத்து வீடு வருவார்கள். அணிநடைக்குக் கை எந்த உயரத்துக்கு எழவேண்டும் என்று பழகுவார்கள், இல்லம் சோடிக்க இருட்டும்வரை நிற்பார்கள். போட்டி நாளில் 100 மீற்றர் இறுதி ஓட்டத்தில் 8 பேர் ஓடுவார்கள். மற்றப் பிள்ளைகள் கொட்டிலுக்குள் நின்று தொண்டை வறளக் கத்துவார்கள். கிண்ணம் கொடுத்து, படம் எடுத்து, பத்திரிகையில் செய்தியும் வந்து முடிய, மைதானத்தில் திரும்பப் புல் முளைக்கும்.

"எங்கட பள்ளிக்கூடத்தில விளையாட்டு நல்லா நடக்குது" என்று நாங்கள் சொல்லும்போது பெரும்பாலும் அந்த 8 பேரைத்தான் நினைக்கிறோம். கொட்டிலுக்குள் நின்ற பிள்ளைக்குத் தன் உடலைக்கொண்டு என்ன செய்யத் தெரியும்? பந்தைப் பிடிக்கத் தெரியுமா, விழுந்தால் அடிபடாமல் உருளத் தெரியுமா, 30 வயதில் தானாக எழும்பி நடக்கவோ நீந்தவோ போகுமா? இந்தக் கேள்விகளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. உடல் எழுத்தறிவு என்பது அது. அண்மைக்காலமாகப் பயிற்சிப்பட்டறைகளிலும் சுற்றறிக்கைகளிலும் அடிபடும் சொல். "உடற்பயிற்சி", "விளையாட்டு", "ஆரோக்கியம்" எல்லாவற்றுக்கும் மாற்றுச் சொல்லாக அதைப் பயன்படுத்திவிடுகிறோம். அதற்கென்று தனிப் பொருள் உண்டு. அதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஏன் "எழுத்தறிவு" என்ற சொல்?

விஜயதசமியில் பிள்ளையை மடியில் இருத்தி, தட்டில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து "அ" எழுதுவிக்கிறோம். விரல் கோணும், அரிசி சிந்தும். அதைப் பார்த்து "உதுக்கு எழுத்து வராது" என்று எவரும் சொல்வதில்லை. அடுத்தநாளும் பிடித்து எழுதுவிக்கிறோம், கொப்பி வாங்கிக் கொடுக்கிறோம், முன்பள்ளிக்கு விடுகிறோம். அந்தப் பிள்ளை புலவர் ஆகவேண்டும் என்றா இவ்வளவும்? வாசிக்கத் தெரியாமல் வாழமுடியாது என்பதற்காகத்தான்.

உடலுக்கு வரும்போது எங்களுடைய மனம் வேறுமாதிரி வேலை செய்கிறது. 7 வயதுப் பிள்ளை எறிந்த பந்து பக்கத்து வளவுக்குள் போனால், ஒரே பார்வையில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்: "உவனுக்கு விளையாட்டு வராது." பந்தெறிவதும் "அ" எழுதுவதைப்போலக் கற்றுக்கொடுக்கவேண்டிய ஒன்று என்ற எண்ணமே எங்களுக்கு வருவதில்லை. அது இரத்தத்தில் இருக்கவேண்டும் என்று நம்புகிறோம்.

இந்த நம்பிக்கையைத்தான் பிரித்தானியக் கல்வியாளர் மார்கரெட் வைட்ஹெட் கேள்விக்கு உட்படுத்தினார். 1993 முதல் அவர் வளர்த்தெடுத்த கருத்து, இன்று பல நாடுகளின் கல்விக் கொள்கையில் இடம்பிடித்திருக்கிறது. அவர் வழிவந்த வரைவிலக்கணத்தை எளிய தமிழில் இப்படிச் சொல்லலாம்: வாழ்நாள் முழுக்க உடலை இயக்கி வாழ்வதற்கு ஒருவருக்குத் தேவையான விருப்பம், தன்னம்பிக்கை, உடல்திறன், விளக்கம் ஆகிய நான்கும் சேர்ந்ததே உடல் எழுத்தறிவு.

நான்கும் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். எழுத்துக்கூட்டத் தெரிந்தும் பத்திரிகையைத் தொடாதவர் இருக்கிறார். வாசிக்க ஆசையிருந்தும் நாலு பேருக்கு முன் வாய்திறக்கக் கூசுபவர் இருக்கிறார். இரண்டுபேருக்கும் எழுத்தறிவு முழுமைப்படவில்லை.

சைக்கிளை எடுத்துப் பாருங்கள். பொருளாதாரத் தடையில் எரிபொருள் கிடையாமல் போன தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தை ஓட்டியது சைக்கிள்தான். அப்போது வளர்ந்த பிள்ளைகள் அப்பாவின் பெரிய சைக்கிளில் சீற்றுக்குக் கால் எட்டாமல், பாருக்குக் கீழால் காலை விட்டு, உடம்பை ஒருபக்கம் சரித்து மிதித்துப் பழகினார்கள். சரிந்தும் விழாமல் ஓடியது திறன். முழங்கால் உரிந்த அடுத்தநாளும் சைக்கிளைத் தொட்டது தன்னம்பிக்கை. கடைக்கு அனுப்பும்வரை காத்திராமல் தாங்களாகவே ஒழுங்கைக்குள் ஓடித்திரிந்தது விருப்பம். மணல் ஒழுங்கையில் முன் பிறேக்கை மட்டும் இறுக்கினால் என்ன நடக்கும் என்று அறிந்திருந்தது விளக்கம். எவரும் பாடத்திட்டம் எழுதவில்லை. ஆனாலும் நான்கும் ஒன்றாக வளர்ந்தன. அந்தத் தலைமுறை போரால் இழந்தது கணக்கில் அடங்காது. மைதானங்களும் வளவுகளும் கண்ணிவெடிக்கும் பாதுகாப்பு வலயத்துக்கும் போயின. அதற்குள்ளும் அவர்களின் உடல் இந்த ஒன்றை நன்றாகக் கற்றுக்கொண்டது.

இன்று அதே வயதுப் பிள்ளை மோட்டார்சைக்கிளின் பின்னால் இருந்து பள்ளிக்கூடம் போகிறது, அங்கிருந்து ரியூசன், பிறகு வீடு. 5ஆம் தரப் புலமைப்பரிசில் முடியும்வரை அதன் கால் செய்யும் பெரிய வேலை படியேறுவதுதான்.

எது உடல் எழுத்தறிவு ஆகாது

உடற்பயிற்சி ஆகாது. ஒருநாள் வியர்க்க ஓடுவது உடலுக்கு நல்லது. ஆனால் தண்டனையாக மைதானத்தை 5 சுற்று ஓடிய பிள்ளை கற்றுக்கொண்டது ஓட்டத்தை வெறுக்க மட்டுமே.

பதக்கமும் ஆகாது. இதைச் சொன்னால் சிலருக்கு மனம் நோகும் என்பது தெரியும். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கம் கொண்டுவந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர். அதே கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024இல் ஐபிஎல் ஆடுகளத்தில் பந்து சுழற்றினார். வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கத்தை ஆசியா முழுவதும் அறியும். இவர்கள் எங்கள் பெருமை. ஆனால் நல்ல கவிஞர் ஒருவர் பிறந்த ஊரில் எல்லாருக்கும் எழுத்து வாசிக்கத் தெரியும் என்று முடிவெடுக்கமாட்டோம் அல்லவா?

தரம் 6 முதல் படிப்பிக்கிற "சுகாதாரமும் உடற்கல்வியும்" பாடத்தில் எடுக்கும் புள்ளியும் முழு விடை ஆகாது. கரப்பந்தாட்டத் திடலின் நீள அகலத்தைப் பிழையில்லாமல் எழுதிய பிள்ளை, ஒரு பந்தையேனும் வலைக்கு மேலால் அனுப்பியிருக்கவேண்டும் என்பதில்லை.

அசைவின் அரிச்சுவடி

மொழிக்கு அரிச்சுவடி இருப்பதுபோல் அசைவுக்கும் உண்டு. எந்த விளையாட்டையும் பிரித்துப் பார்த்தால் அடியில் சில எளிய அசைவுகள் கிடக்கும். அவற்றை அடிப்படை அசைவுத் திறன்கள் என்பார்கள். மூன்று குடும்பமாக வகுத்தால் நினைவில் நிற்கும். ஓடுதல், பாய்தல், கெந்துதல் போன்று உடலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் அசைவுகள் ஒரு குடும்பம். எறிதல், பிடித்தல், உதைத்தல், அடித்தல் என்று ஒரு பொருளைக் கையாளும் அசைவுகள் இன்னொன்று. ஒற்றைக்காலில் நிற்றல், திரும்புதல், உருளுதல், பாய்ந்து தரையில் இறங்கி நிலைகொள்ளல் எல்லாம் மூன்றாவது குடும்பம்.

"அ, ஆ" தெரிந்தவர் எந்தப் புத்தகத்தையும் தொடங்கலாம். எறியத் தெரிந்த கைக்கு ஈட்டி எறிதல், துடுப்பாட்டம், வலைப்பந்து, எல்லே எல்லாவற்றுக்கும் வாசல் திறந்திருக்கும். எறியத் தெரியாத கைக்கு அத்தனை வாசலும் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். 13 வயதில் ஒரு பிள்ளை "எனக்கு எந்த விளையாட்டும் பிடிக்காது" என்று சொன்னால், விருப்பமின்மையைத் தேடுவதற்கு முன் இந்தப் பூட்டைத் தேடிப்பாருங்கள்.

எங்கள் முற்றத்து விளையாட்டுகளை இந்த மூன்று குடும்பத்தோடு பொருத்திப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும். எட்டுக்கோட்டில் ஒற்றைக்காலில் கெந்தவேண்டும், கோட்டில் மிதிக்காமல் இறங்கவேண்டும். முதலாவது குடும்பமும் மூன்றாவதும் அங்கேயே சேர்ந்துவிடுகின்றன. பேணிப்பந்தில் அடுக்கிய பேணியைக் குறிபார்த்து எறியவேண்டும், எறிபடாமல் உடம்பை வளைக்கவேண்டும், ஓடிக்கொண்டே பேணியை அடுக்கவேண்டும். கிட்டியில், காற்றில் எழும்பிய சின்னத் துண்டைக் கோலால் அடிக்கவேண்டும். துடுப்பாட்டக்காரர் செய்வதும் இதைத்தான். கொக்கான் வெட்டும்போது ஒரு கல்லை மேலே விட்டு, அது இறங்குவதற்குள் நிலத்தில் கிடப்பதை அள்ளி மேலே போனதைப் பிடிக்கிற அந்த நொடியில், கண்ணும் கையும் பேசிக்கொள்கிற பேச்சைப் பயிற்றுநர் ஒருவர் காசு வாங்கிச் சொல்லிக்கொடுக்கவேண்டியிருக்கும்.

கிளித்தட்டைத் தனியாகச் சொல்லவேண்டும். குறுக்குக் கோடுகளில் மறிப்பவர்கள் நிற்க, நடுக்கோட்டில் கிளி என்று அழைக்கப்படும் மறிப்பவர் ஓடித்திரிய, அவர்கள் கையில் படாமல் ஒவ்வொரு தட்டாகக் கடந்து போய்த் திரும்பவேண்டும். வலப்பக்கம் போவதுபோல் காட்டி இடப்பக்கம் வெட்டுவது, எதிராளியின் தோளைப் பார்த்து அவர் போகப்போகும் திசையைக் கணிப்பது, தன் கூட்டாளி மறிப்பவரை இழுத்துவைத்திருக்கும்போது நழுவுவது எல்லாம் உதைபந்தாட்டத்தில் பெரிய அணிகள் மணிக்கணக்காகப் பழகும் வேலைகள். இவ்வளவுக்கும் தேவை காலால் கீறிய நாலு கோடு. இன்று கிளித்தட்டைச் சித்திரை வருடப்பிறப்புக்குக் கழகங்கள் நடத்தும் விழாவில் வேடிக்கையாகப் பார்க்கிறோம். அது உடற்கல்விப் பாடவேளைக்குள் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழைமைப் பற்றால் சொல்லவில்லை. 40 பிள்ளைகளை ஒரே நேரத்தில் ஓடவும் யோசிக்கவும் வைக்கிற விளையாட்டு அதைப்போல் வேறொன்றை நான் காணவில்லை.

அரிச்சுவடியில் விடுபட்டுக் கிடக்கும் ஓர் எழுத்தையும் சொல்லிவிடுகிறேன். நீச்சல். மூன்று பக்கம் கடலும் நடுவில் கடல்நீரேரியும் உள்ள நிலம் எங்களுடையது. 1971இல் பாக்கு நீரிணையை இரு திசையும் நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தன் வல்வெட்டித்துறைக்காரர். கீரிமலைக் கேணியில் குதித்துப் பழகிய ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் கடற்கரைக்குச் சுற்றுலா போகும் ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு, அதிலும் எத்தனை பெண்பிள்ளைகளுக்கு, தண்ணீரில் மிதக்கத் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். மற்ற எழுத்துகள் தெரியாவிட்டால் விளையாட்டுத்தான் போகும். இது தெரியாவிட்டால் உயிர் போகும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: உடல் எழுத்தறிவுக்கு நான்கு கூறு. அதில் திறன் என்ற கூற்றுக்கு மூன்று குடும்ப அசைவுகள் அரிச்சுவடி. இவை பிறப்போடு வந்துவிடுவதில்லை, கற்றே வருகின்றன. எப்படிக் கற்கப்படுகின்றன என்பதுதான் அடுத்தது.

புட்டுக்கு மா குழைக்கும் கை

அம்மாவிடம் "புட்டுக்கு எவ்வளவு தண்ணி விடவேணும்?" என்று கேட்டால் அளவு சொல்லமாட்டார். "பார்த்து விடு" என்பார். அரிசிமா ஒருநாள் நன்றாக வறுபட்டிருக்கும், ஒருநாள் குறைவாக. கோதுமைமா கலந்தால் வேறு. கையை விட்டுப் பிசையும்போது மா எப்படித் திரள்கிறது என்பதை விரல் உணர்ந்து, அடுத்த துளியை அது முடிவுசெய்கிறது. பலநாள் பலவகை மாவைக் குழைத்ததால் வந்த அறிவு அது. ஒரே பைக்கற் மாவை ஒரே கோப்பையால் அளந்து நூறுதரம் குழைத்தவர், மா மாறியதும் தடுமாறுவார்.

உடலும் இப்படித்தான் கற்கிறது. பந்தை எறிய முன் மூளை ஒரு கணிப்புச் செய்கிறது: இவ்வளவு தூரம், இவ்வளவு பாரம், இவ்வளவு விசை. தசைகளுக்குக் கட்டளை போகிறது. கை நகரும்போதே தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணரிகள் "கை இப்போது இங்கே நிற்கிறது" என்று செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொட முடிவது இந்தச் செய்தியால்தான். இதற்கு உடல்நிலை உணர்வு என்று பெயர். பந்து போய் விழுந்த இடத்தைக் கண் சொல்கிறது. கணித்ததும் நடந்ததும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று ஒப்பிடும் வேலையில், தலையின் பின்புறம் கீழே இருக்கும் சிறுமூளைக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வேறுபாட்டை வைத்து அடுத்த எறிக்கான கட்டளை திருத்தப்படும்.

பிழை இல்லாமல் திருத்தம் இல்லை. இலக்கைத் தவறவிட்ட எறிதான் மூளைக்குச் செய்தி கொடுக்கிறது. பிழைவிட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் மைதானம், கற்கும் வழியையே அடைக்கிறது. பல தூரத்தில் நின்று பல பாரமுள்ள பந்துகளை எறிந்த கை, ஓர் அளவை மனனம் செய்யாமல் எறிதலின் சூத்திரத்தையே பிடித்துக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைக்கு எத்தனை தடவை எறியக் கிடைத்தது என்பது முக்கியம்.

இந்தக் கடைசி விடயத்தைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். 40 நிமிடப் பாடவேளை, 40 பிள்ளைகள், ஒரு பந்து. மைதானத்துக்குப் போய்வரவும் வரிசையில் நிற்பாட்டவும் 10 நிமிடம் போகும். மிச்சம் 30 நிமிடம், அதாவது 1800 விநாடி. ஒருவர் எறிந்து பந்தை எடுத்துவர 15 விநாடி என்றால் மொத்தம் 120 எறி. ஒரு பிள்ளைக்கு 3. கிழமைக்கு ஒருமுறை மூன்றே மூன்று தரம் "அ" எழுதிய பிள்ளை எப்போது எழுத்தறியும்?

அதே பிள்ளைகள், அதே நேரம். ஆனால் கடதாசியைக் கசக்கித் துணி சுற்றி றப்பர் பான்ட் போட்ட 20 பந்துகள். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று எறிந்து பிடித்தால், தவறவிட்டு ஓடிப்போய் எடுக்கும் நேரத்தையும் கழித்து, ஒரு பிள்ளைக்கு நூறு எறிக்கு மேல் கிடைக்கும். புதிய மைதானம் கட்டவில்லை, வெளிநாட்டுப் பயிற்றுநரும் வரவில்லை. வரிசை கலைந்தது, அவ்வளவுதான். இளையோர் விளையாட்டின் தரம் என்று ஆய்வாளர்கள் பேசுவதில் பெரும்பகுதி இப்படிச் சின்னதாகவே இருக்கிறது.

வட்டிக்கு வட்டி

திறனும் தன்னம்பிக்கையும் ஒன்றையொன்று வளர்க்கும். பந்தைப் பிடிக்கத் தெரிந்த பிள்ளையை அணிக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதால் அது விளையாடும், விளையாடியதால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். பிடிக்கத் தெரியாத பிள்ளையைக் கடைசியாகத்தான் தெரிவார்கள். அது ஓரத்தில் நிற்கும், நின்றதால் பின்தங்கும். சின்ன வயதில் நூல் அளவாக இருந்த இடைவெளி, கடன் குட்டிபோடுவதுபோல ஆண்டுக்காண்டு பெருகும். 2008இல் டேவிட் ஸ்டொடனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இதை ஒரு சுருளாக விளக்கினார்கள். மேல்நோக்கிப் போகும் சுருளில் ஏறிய பிள்ளை ஏறிக்கொண்டே போகும், கீழ்நோக்கிப் போவதில் மாட்டியது இறங்கிக்கொண்டே போகும்.

நான் 7ஆம் வகுப்பில் இருந்தபோது உதைபந்துக்கு ஆள் பிரிக்கையில் மிஞ்சி நின்றேன். பொறுப்பாயிருந்த ஆசிரியர் "நீர் கணக்கெழுதும்" என்று கொப்பியும் பேனையும் தந்தார். அவர் என்னை நோகடிக்க நினைத்திருக்கமாட்டார். வெறுமனே நிற்காமல் ஒரு வேலை கொடுத்தார். ஆனால் அடுத்த மூன்று வருடமும் நான் கணக்குத்தான் எழுதினேன். நீந்தப் பழகியது 34 வயதில், என் மகளைப் பழக்கக் கூட்டிப்போன இடத்தில்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்ற பழமொழியை இங்கே சொல்லிக் கைவிடுகிறவர்கள் உண்டு. பாதிதான் உண்மை. சின்ன வயதில் கற்பது இலகு, அந்த வயதில் விழுந்தாலும் சிரித்துக்கொண்டு எழும்பலாம். ஆனால் கற்கும் ஆற்றல் எந்த வயதிலும் மூடிப்போவதில்லை. வயதானவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி கொடுத்தால் விழுவது குறைகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. உடல் எழுத்தறிவுக்கு "வாழ்நாள் முழுக்க" என்ற சொல்லை வைட்ஹெட் சேர்த்ததன் பொருளும் இதுதான்.

சுருக்கம்: மூளை கணித்து, பிழைவிட்டு, திருத்திக் கற்கிறது. அதற்கு நிறைய வாய்ப்பும் பயமில்லாத சூழலும் வேண்டும். வாய்ப்புக் கிடையாத பிள்ளை தானாக ஒதுங்கும், ஒதுங்கியதை நாங்கள் "விருப்பமில்லை" என்று பெயரிடுவோம்.

ஒரே வயது, வேறு வேறு உடல்

14 வயதுக்குட்பட்டோர் ஓட்டத்தில் கோட்டில் நிற்கும் பையன்களைப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் நிற்பவன் அவன் நெஞ்சளவுக்கு இருப்பான். பிள்ளைகள் ஆண்டுக்கு மிக வேகமாக உயரும் காலத்தை வளர்ச்சி உச்சம் என்பார்கள். சராசரியாகப் பெண்பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டியும் ஆண்பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் வரும். சராசரிதான். சிலருக்கு இரண்டு வருடம் முந்தும், சிலருக்குப் பிந்தும். முந்தியவன் இப்போது கிண்ணம் எடுக்கிறான். அவனுடைய திறனா வென்றது, உடலின் கடிகாரமா வென்றது என்று எவரும் கேட்பதில்லை. பிந்தியவன் வலய மட்டத் தெரிவில் விடுபட்டு, 16 வயதில் உயர்ந்துவரும்போது மைதானத்தில் இல்லை. ரியூசனில் இருக்கிறான்.

பிறந்த மாதமும் விளையாடும். வயதுப் பிரிவுக்கு ஒரு திகதியை எல்லையாக வைக்கும்போது, அந்த எல்லைக்குச் சற்றுப் பின் பிறந்தவருக்கு, அதே ஆண்டுப் பிரிவின் கடைசியில் பிறந்தவரைவிட ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி கூடுதலாக இருக்கும். கனடாவின் பனி ஹொக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி இருப்பதை எண்பதுகளின் நடுப்பகுதியில் கண்டுபிடித்தார்கள். பிறகு பல நாடுகளில், பல விளையாட்டுகளில் இதையே கண்டார்கள்.

வளர்ச்சி உச்சத்தில் எலும்பு முதலில் நீளும், தசையும் தசைநாணும் பின்னால் வந்து எட்டிப்பிடிக்கும். நேற்றுவரை அழகாக ஓடிய பிள்ளை இன்று தன் கால் தட்டித் தானே விழும். மூளையின் பழைய கணிப்பு புதிய நீளத்துக்குப் பொருந்தாததால் வரும் தற்காலிகத் தடுமாற்றம் அது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு புடைத்து நோவதும் இந்த வயதில் சாதாரணம். அதை ஒஸ்குட்–ஷ்லாட்டர் என்று வைத்தியர்கள் சொல்வார்கள். ஓட்டமும் பாய்ச்சலும் கூடினால் நோ கூடும். "நடிக்கிறாய்" என்று சொல்லி இன்னும் ஓடவைப்பது கொடுமை.

இதே காரணத்தால்தான், 9 அல்லது 10 வயதிலேயே ஒரே விளையாட்டை வருடம் முழுக்கப் பழக்குவதை விளையாட்டு மருத்துவர்கள் தடுக்கச் சொல்கிறார்கள். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் ஒழுங்கமைத்த பயிற்சி என்பதற்கு அவர்கள் தரும் எளிய வழிகாட்டி: பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது. 10 வயதுப் பிள்ளைக்குக் கிழமையில் 10 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். முற்றத்து விளையாட்டுக்கு இந்த வரம்பு கிடையாது.

பெண்பிள்ளைகள் எங்கே போகிறார்கள்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் இயங்கவேண்டும், கிழமையில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் உரம் சேர்க்கும் வேலை வேண்டும். 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி உலகில் 11 முதல் 17 வயதானவர்களில் 81 வீதமானோர் இந்த அளவை எட்டவில்லை. ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகள் இன்னும் பின்னால்.

எங்கள் ஊரில் காரணம் தேடத் தேவையில்லை. பெரியபிள்ளையானதும் முற்றம் சுருங்கிவிடுகிறது. வெள்ளைச் சீருடை அழுக்காகும் என்று ஒரு தடை, கறுத்துப்போவாய் என்று இன்னொன்று, மாதவிலக்கு நாளில் வாய்திறந்து சொல்ல முடியாத தடை ஒன்று, மதிலுக்கு அப்பால் நின்று கூவும் பையன்கள் என்று இன்னுமொன்று. உள்ளே பூட்டக்கூடிய ஒரு கழிப்பறையும் முழங்காலை மூடும் வசதியான உடையும் இல்லாத இடத்தில் "பெண்பிள்ளைகள் பயிற்சிக்கு வருவதில்லை" என்று முறையிடுவது நியாயம் இல்லை.

மாறமுடியாது என்றும் எவரும் சொல்லமுடியாது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணியை நாடு அறியும். அங்கும் அம்மாமார் வெயிலுக்குப் பயந்தவர்கள்தான். ஓர் இடத்தில் பழக்கமாகிவிட்டால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அது வழமையாகத் தெரிகிறது.

போட்டி இல்லாமல் தரம் வருமா?

"எல்லாரையும் விளையாட விட்டால் கெட்டிக்காரர் எப்படி வருவார்?" என்று பெற்றார் கூட்டத்தில் கேட்பார்கள். நோர்வேயைப் பார்க்கலாம். சிறுவர் விளையாட்டுக்கென்று 1987 முதல் அங்கே தனி விதிகள் இருக்கின்றன. 11 வயதுவரை புள்ளி அட்டவணையும் தரவரிசையும் வெளியிடக்கூடாது, 13 வயதுக்கு முன் தேசிய வல்லவர் போட்டி கிடையாது. அந்த நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய 55 இலட்சம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு 37 பதக்கம் எடுத்து முதலிடத்தில் நின்றது. பனியும் பணமும் அவர்களிடம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் சிறுவயதில் தரவரிசையைத் தள்ளிவைத்ததால் உச்சி சரிந்துவிடவில்லை. நிறையப் பேர் நெடுநாள் விளையாடினால் தெரிவுசெய்யும் குளமும் பெரிதாகும்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் துடுப்பாட்டமான வடக்கின் பெருஞ்சமரை நிறுத்தச் சொல்லவில்லை. 1904இல் தொடங்கிய அந்த ஆட்டத்துக்கு முழு ஊரும் திரளும்போது எனக்கும் நெஞ்சு அடிக்கும். அதை விளையாடுகிறவர்கள் வளர்ந்த பிள்ளைகள், தாங்களாக விரும்பித் தெரிந்தவர்கள். 8 வயதுப் பிள்ளைக்கு அந்தச் சமரை இறக்கிக் கொடுப்பதில்தான் எனக்கு மறுப்பு.

அடுத்தமுறை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது, எத்தனை கிண்ணம் என்று கேட்பதோடு இன்னும் சிலவற்றையும் கேட்கலாம். 5ஆம் தரப் பிள்ளைகளுக்கு உடற்கல்விப் பாடவேளை உண்மையில் நடக்கிறதா, புலமைப்பரிசில் பாடத்துக்குப் போய்விடுகிறதா? ஒரு பாடவேளையில் ஒரு பிள்ளையின் கைக்கு எத்தனை தரம் பந்து வருகிறது? சென்ற வருடம் அணியில் இருந்து நின்ற பிள்ளைகள் ஏன் நின்றார்கள் என்று எவராவது அவர்களிடமே கேட்டார்களா? குடிதண்ணீரும் நிழலும் எங்கே?

வீட்டில் செய்யவேண்டியதற்குக் கூட்டம் தேவையில்லை. காலையில் கிணற்றடியில் பல் தீட்டும்போது பிள்ளையை ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லுங்கள், பிறகு மற்றக் காலில், பிறகு கண்ணை மூடிக்கொண்டு. எங்கள் சனசமூக நிலைய வளவில் சனிக்கிழமைகளில் கூடும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் கொடுத்தோம். முதல்நாள் 5 விநாடிகூட நிற்கமுடியாமல் அழுதுகொண்டு போன ஒரு சின்னவள், மூன்றாம் கிழமை தன் அம்மம்மாவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள், அவருக்கும் பழக்கவேண்டும் என்று.